மலையுச்சியில் துணை வானியலாளர்: கொல்கத்தாவிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

பெரிய தொலைநோக்கி ஒன்றில் இரண்டு மூன்று இரவுகள் கிடைப்பதற்கு ஓர் ஆராய்ச்சி மாணவர் மாதக்கணக்கில் உழைக்கிறார். எதைப் பார்க்கப் போகிறோம், ஏன் பார்க்கப் போகிறோம் என்று விண்ணப்பம் எழுத வேண்டும். நேர ஒதுக்கீட்டுக் குழு அதைப் படித்துத் தரம் பிரிக்க வேண்டும். பிறகு வானமும் இடம் கொடுக்க வேண்டும். அந்த இரவு வரும்போது கருவியின் குணம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். எந்தத் திசையில் திருப்பினால் குவியம் நழுவும், எந்த ஃபில்டர் சிக்கிக்கொள்ளும், மேற்கே எழும் மேகம் இங்கே வருமா வராதா என்றெல்லாம் அறிந்தவர் அவர். அவரைத்தான் துணை வானியலாளர் என்கிறோம். அவர் கையால் எடுக்கப்படும் தரவு பெரும்பாலும் அவருடைய ஆய்வுக்குப் போவதில்லை. இன்னொருவருடைய முனைவர் பட்டம் அதை நம்பிக் காத்திருக்கிறது. இந்த அத்தியாயத்தில் வரும் நடைமுறைகள் எல்லாம் அந்தப் பொறுப்பிலிருந்து பிறந்தவை.

இந்த வேலைக்கு நம்மிடம் நல்ல முன்னோடி உண்டு. சென்னை வான் ஆய்வகத்தில் போக்சன் தலைமை வானியலாளராக இருந்த காலத்தில் அவருக்கு உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரத்தின் ஒளி மாறுகிறது என்பதை 1867இல் கண்டறிந்தவர் அவர். அட்டவணைக்காக இரவு தோறும் நட்சத்திரங்களை அளந்துகொண்டிருந்த உதவியாளரின் கண்ணில் பட்டது அது. பதவியின் பெயர் சிறியதாக இருப்பதால் வேலையும் சிறியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்றைய இந்தியாவில் இந்தப் பெயரிலேயே பதவி கிடைப்பது அரிது. அறிவியல் அலுவலர், தொழில்நுட்ப அலுவலர், திட்ட விஞ்ஞானி, பொறியியல் பயிற்சியாளர், தொலைநோக்கி இயக்குநர் என்று விளம்பரங்கள் வரும். அறிவிப்பின் தலைப்பை விட்டுவிட்டு, வேலை விவரத்தில் ‘அவதானிப்பு உதவி’, ‘கருவிப் பராமரிப்பு’, ‘இரவுப் பணி’ ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். எம்.எஸ்சி. இயற்பியல் போதும் என்று கேட்கும் இடங்களும் உண்டு, முனைவர் பட்டம் கேட்கும் இடங்களும் உண்டு. எங்கே போனாலும் பைதான் கட்டாயம் தேவைப்படும். அதோடு, மின்சுற்றைத் திறந்து பார்க்க அஞ்சாத கை வேண்டும்.

எந்த மலைக்குப் போவது

கொல்கத்தா கடல் மட்டத்திலிருந்து பத்து மீட்டர்கூட உயரமில்லாத நகரம். ஈரமும் புகையும் விளக்கொளியும் சேர்ந்த அதன் வானத்தில் மங்கலான பொருள் எதையும் பார்க்க முடியாது. ஆனாலும் வானியல் இங்கே பழையது. புனித சேவியர் கல்லூரியில் லஃபோன் பாதிரியார் 1870களிலேயே ஓர் ஆய்வகத்தை எழுப்பினார். சால்ட் லேக்கில் உள்ள நிலைசார் வானியல் மையம் ஆண்டுதோறும் இந்திய வானியல் பஞ்சாங்கத்தைக் கணித்து வெளியிடுகிறது. அதே சால்ட் லேக்கில் உள்ள எஸ்.என். போஸ் தேசிய அடிப்படை அறிவியல் மையம்தான் இந்த அத்தியாயத்துக்கு முக்கியம். புருலியா மாவட்டத்தில் கர்பஞ்ச்கோட் பக்கம் உள்ள பஞ்செட் மலையில் அந்த மையம் அமைத்த வான் ஆய்வகம் 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது. மலையின் உயரம் சுமார் 600 மீட்டர், தொலைநோக்கி 14 அங்குலம்.

14 அங்குலம்தானா என்று நினைக்க வேண்டாம். அதன் மதிப்பு அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. கிழக்குத் தீர்க்கரேகை 86 பாகையை ஒட்டி, வடதுருவக் கடலிலிருந்து தென்துருவம் வரை, வான் ஆய்வகங்கள் மிகக் குறைவு. திடீரென்று பிரகாசமாகிச் சில மணி நேரத்தில் மங்கிவிடும் பொருளை உலகம் முழுவதும் கைமாற்றிக் கைமாற்றித் தொடர வேண்டியிருக்கிறது. தாய்லாந்தில் விடிந்த பிறகு, நைனிடாலில் வானம் மூடியிருக்கும் இரவில், அந்தச் சங்கிலி அறுந்துவிடாமல் காக்கச் சிறிய தொலைநோக்கியும் போதும்.

என் கருத்தில், கொல்கத்தாவில் படிக்கும் தமிழ் மாணவர் முதலில் பழக வேண்டிய மலை இதுதான். ஹவுராவிலிருந்து ஆத்ராவுக்கோ அசன்சோலுக்கோ ரயிலில் போய், அங்கிருந்து சாலையில் அடைந்துவிடலாம். மூச்சுத் திணறல் கிடையாது. கருவி சிறியது என்பதால் ஒவ்வொரு பாகத்தையும் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள முடியும். இரண்டு மீட்டர் தொலைநோக்கியில் புதிதாகச் சேர்ந்தவர் கையை யாரும் திருகாணி பக்கம் விட மாட்டார்கள்.

அடுத்த படி உத்தராகண்டில் நைனிடாலுக்கு அருகே உள்ள தேவஸ்தல். 2,450 மீட்டர் உயரத்தில் ஏரீஸ் நிறுவனத்தின் 3.6 மீட்டர் தொலைநோக்கி 2016இலிருந்து அங்கே இருக்கிறது. ஹவுராவிலிருந்து காத்கோதாம் வரை பாக் எக்ஸ்பிரஸ் நேராகப் போகிறது என்பது கொல்கத்தாக்காரர்களுக்கு வசதி.

லடாக்கின் ஹான்லே 4,500 மீட்டர். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இரண்டு மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கி 2000 செப்டம்பரில் முதல் ஒளியைக் கண்டது. ஆண்டுக்குச் சுமார் 260 இரவுகள் நிறமாலை எடுக்கத் தகுந்தவை என்று கணக்கிடப்பட்ட இடம். ஆனால் ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள்: அங்கே அவதானிப்பவர் பெரும்பாலும் பெங்களூரு அருகே ஹோசகோட்டேயில் உள்ள கிரெஸ்ட் வளாகத்தில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் இணைப்பு வழியாகத் தொலைநோக்கியை இயக்குகிறார். மலையில் இருப்பவர்கள் பொறியாளர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும். மலைக்காற்றில் நின்று வேலை செய்யும் ஆசையுள்ளவர் அந்த அணியில் சேர வேண்டும். தரவின் மேல் ஆசையுள்ளவர் ஹோசகோட்டேயில் சேர வேண்டும்.

காவலூரை மறந்துவிடக் கூடாது. ஜவ்வாது மலையில் 725 மீட்டர் உயரந்தான், மழை மாதங்களில் வானம் அதிகம் கிடைக்காது. ஆனால் தென்வானம் அங்கே திறந்து கிடக்கிறது. அகத்திய நட்சத்திரம் ஹான்லேயில் அடிவானத்திலிருந்து ஐந்து பாகைகூட எழும்பாது, காவலூரில் ஏறத்தாழ 25 பாகை எழும்பும். தெற்கே உள்ள பொருளுக்கு நேரம் கேட்டு வரும் விண்ணப்பத்தைக் கையில் எடுத்ததும் துணை வானியலாளர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

உடம்பு

பஞ்செட்டுக்கும் தேவஸ்தலுக்கும் கம்பளியும் டார்ச்சும் இருந்தால் போதும். ஹான்லே வேறு. 4,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் அறுபது விழுக்காட்டுக்கும் குறைவு, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். கொல்கத்தாவிலிருந்து காலையில் விமானம் ஏறினால் அன்றே 3,500 மீட்டர் உயரமுள்ள லே நகரத்தில் இறங்கிவிடலாம். உடம்பு இந்த வேகத்தை ஏற்காது. லேயில் குறைந்தது இரண்டு மூன்று நாள் தங்குங்கள். முதல் நாள் படுத்தே இருங்கள், கடைத்தெருவைப் பார்க்கும் ஆசையை அடுத்த நாளுக்குத் தள்ளுங்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை இருந்தால் அவை தணியும் வரை மேலே போகாதீர்கள். நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது என்றால் அது மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோப்பதாக இருக்கலாம். அதற்கு மருந்து, உடனே கீழே இறங்குவது. இரவுப் பணி பாதியில் நிற்கிறதே என்று ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள், சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் அவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம்.

மூளை மெதுவாக மங்கும் ஆபத்து ஒன்றும் உண்டு. ஆக்சிஜன் குறைந்தால் கணக்கு தப்பும், தப்பியது நமக்குத் தெரியாது. ஆகவே மலையில் எதையும் மனக்கணக்காகச் செய்யாதீர்கள். நட்சத்திரத்தின் ஆயத்தொலைகளை எண் எண்ணாக உரக்கப் படித்து, இன்னொருவர் திருப்பிச் சொல்லக் கேட்டு, பிறகு தட்டச்சு செய்யுங்கள்.

அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 85 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. கொல்கத்தாவில் லென்ஸில் பூஞ்சை படருமே என்று கவலைப்பட்டவர் அங்கே நேர்மாறான கவலைக்குப் பழக வேண்டும். வறண்ட காற்றில் கம்பளிச் சட்டையிலிருந்து மின்பொறி பாயும், அதுவே கேமராவின் மின்னணுப் பலகையைக் கொன்றுவிடப் போதும். கருவியைத் தொடுமுன் மணிக்கட்டில் நிலமிணைப்புப் பட்டை கட்டுங்கள்.

மாலையிலிருந்து விடியல் வரை

வேலை சூரியன் மறையும் முன்பே தொடங்குகிறது. சிசிடி கேமராவின் குடுவையில் திரவ நைட்ரஜன் நிரப்புவது பல இடங்களில் முதல் வேலை. அது −196 பாகை செல்சியஸில் கொதிக்கும் திரவம். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, கதவைத் திறந்து வைத்து நிரப்ப வேண்டும். மூடிய அறையில் ஆவியாகும் நைட்ரஜன் ஆக்சிஜனைத் தள்ளிவிடும், அதற்கு மணமும் கிடையாது. அதன் பிறகு பயாஸ் படங்கள், அதாவது ஒளியே விழாமல், நேரமே கொடுக்காமல் எடுக்கும் வெற்றுப் படங்கள்.

அந்தி வானத்தில் ஃபிளாட் எடுப்பது கைப்பழக்கம். கேமராவின் ஒவ்வொரு புள்ளியும் ஒளியை ஒரே மாதிரி உணர்வதில்லை. சீரான வெளிச்சமுள்ள வானத்தைப் படமெடுத்து அந்த வேறுபாட்டைக் கணக்கிட வேண்டும். வானம் மிகப் பிரகாசமாகவும் இருக்கக் கூடாது, நட்சத்திரம் தெரியும் அளவு இருட்டவும் கூடாது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். காவலூரில் கிடைக்கும் நிமிடங்கள் ஹான்லேயில் கிடைப்பதைவிடக் குறைவு. ஆகவே எந்த ஃபில்டரை முதலில், எதைக் கடைசியில் என்று பகலிலேயே எழுதி வையுங்கள். மாலையில் வானம் இருண்டுகொண்டே போகும், வெளிச்சத்தைக் குறைவாக விடும் நீல ஃபில்டரை முதலில் முடியுங்கள். காலையில் வரிசையைத் தலைகீழாக்குங்கள். அளவுத்திருத்தப் படங்கள் இல்லாமல் இரவு முழுதும் எடுத்த தரவை அனுப்புவது விருந்தாளிக்கு உப்பில்லாத சோறு போடுவதற்குச் சமம். அவரால் அதைச் சாப்பிட முடியாது, உங்களிடம் சொல்லவும் தயங்குவார்.

இருட்டியதும் பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பிடித்துத் தொலைநோக்கி குறி பார்ப்பது சரியா என்று பாருங்கள். குவியத்தைத் திருத்துங்கள். வெப்பம் இறங்க இறங்கக் குழாயின் உலோகம் சுருங்கும், ஆகவே குவியத்தை இரவில் பல முறை திருத்த வேண்டியிருக்கும். ஒளி அளவு தெரிந்த தர நட்சத்திரங்களை இலக்குக்கு முன்னும் பின்னும் எடுங்கள். இலக்கு உச்சியில் இருக்கும்போது நட்சத்திர ஒளி கடக்கும் காற்றின் அளவை ஒன்று என்று கொண்டால், 30 பாகை உயரத்தில் அது இரண்டு. அதற்குக் கீழே போன இலக்கைத் துரத்துவது பெரும்பாலும் நேர விரயம். ஹான்லே தொலைநோக்கி போன்ற நிமிர்வு-திசை அமைப்புகளால் நேர் உச்சியைக் கடக்கும் பொருளைத் தொடர்ந்து பிடிக்க முடியாது. அந்தச் சில நிமிடங்களை வேறு இலக்குக்குக் கொடுங்கள்.

நடுவில் அவசர அழைப்பு வரலாம். 2023 மே 19 அன்று எம் 101 விண்மீன் மண்டலத்தில் ஒரு சூப்பர்நோவாவை ஜப்பானின் கோய்ச்சி இடகாகி கண்டறிந்தார். எஸ்.என். 2023 ஐஎக்ஸ்எஃப் என்று பெயரிடப்பட்ட அதன் முதல் நாட்களின் நிறமாலையில், வெடித்த நட்சத்திரம் முன்பே உமிழ்ந்திருந்த வாயுவின் தடங்கள் தெரிந்தன, சில நாட்களில் மறைந்துவிட்டன. ஹான்லேயின் தொலைநோக்கிகளும் அதைத் தொடர்ந்தன. இப்படி ஓர் அழைப்பு வரும்போது யாருடைய இலக்கை நிறுத்துவது, அவருக்கு எவ்வளவு நேரம் திருப்பித் தருவது என்ற விதி எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பொறுப்பாளரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். நள்ளிரவில் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்களுக்கு நடுவே நீதிபதியாக நிற்கும் வேலை உங்களுடையது அல்ல.

கூரையை மூடும் அதிகாரம்

இந்த வேலையில் கடினமான முடிவு, கூரையை எப்போது மூடுவது என்பது ஒன்றுதான். ஈரப்பதமும் காற்றின் வேகமும் எந்த அளவைத் தாண்டினால் மூட வேண்டும் என்று ஒவ்வொரு ஆய்வகமும் எண் வைத்திருக்கிறது. எண் தாண்டியதும் மூடுங்கள். எதிரே அமர்ந்திருப்பவர் பெரிய பேராசிரியராக இருக்கலாம், இன்னும் பத்தே நிமிடம் என்று கெஞ்சலாம். ஆடியின் மேல் உள்ள அலுமினியப் பூச்சில் பனி படர்ந்து, ஏற்கெனவே இருக்கும் தூசியோடு கலந்து காய்ந்தால் பூச்சு அரிக்கப்படும். மறுபூச்சு போட ஆடியையே கழற்ற வேண்டும், அத்தனை நாளும் எல்லோருக்கும் தொலைநோக்கி இல்லை.

பஞ்செட்டில் பணி செய்பவர் கால்பைசாகியைத் தனியாகப் படிக்க வேண்டும். மார்ச் முதல் மே வரை சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்தில் பிற்பகலில் உருவாகும் இந்த இடிப்புயல் தென்கிழக்காகக் கொல்கத்தாவை நோக்கி நகரும். புருலியா அதன் வழியில் முதலில் வருகிறது. கொல்கத்தாவில் மாலையில் புயல் வரும் என்ற பழக்கத்தில் இருப்பவருக்கு இங்கே அது முன்னதாகவே வந்துவிடும். மேற்கே மின்னல் தெரிந்தால் கூரையை மூடுவதோடு நிற்காமல் கேமரா, கணினி, மோட்டார் இணைப்புகளையும் கழற்றுங்கள். மின்னல் கம்பி வழியாகவும் வரும்.

ஹோசகோட்டேயிலிருந்து ஹான்லேயை இயக்குபவருக்கு வேறொரு குறை உண்டு. அவரால் வெளியே போய்த் தலை நிமிர்ந்து பார்க்க முடியாது. மோட்டாரின் சத்தம் மாறியது கேட்காது. முழுவானக் கேமராவும் வானிலை எண்களும் மலையில் இருப்பவரின் குரலும்தான் அவருக்குக் கண்ணும் காதும். அந்தக் குரலை மதியுங்கள். பல ஆண்டுகள் அதே கூரையின் கீழ் இருந்த லடாக்கி பணியாளர் “மூடிவிடலாம்” என்றால், உங்கள் திரையில் எண் சரியாக இருந்தாலும் மூடுங்கள். ஹான்லேயில் ‘ஜூலே’ என்று சொல்லிப் பேச்சைத் தொடங்கவும், புருலியாவில் மூத்தவரை ‘தாதா’ என்றும் ‘தீதி’ என்றும் அழைக்கவும் பழகுங்கள். இரவு மூன்று மணிக்குக் கூரை பாதியில் சிக்கினால் ஓடி வரப்போகிறவர்கள் அவர்கள்தான்.

பதிவேடு

எல்லா நேரத்தையும் உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள். இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழித்தால் அது. நம் இரவு முழுவதும் ஏறக்குறைய ஒரே உலகத் தேதிக்குள் அடங்கிவிடும், நமது காலை 5.30க்குத்தான் தேதி மாறும். இதில் ஒரு பொறி இருக்கிறது. குளிர்காலத்தில் விடியலுக்கு முன் எடுக்கும் கடைசிப் படங்களும் ஃபிளாட்டும் அடுத்த தேதியில் போய் விழும். கோப்புறையைத் தேதி வாரியாகப் பிரிக்கும் நிரல் அவற்றைத் தனியே ஒதுக்கிவிடும், தரவைப் பெறுகிறவர் காலை ஃபிளாட் எடுக்கவே இல்லை என்று நினைத்துக்கொள்வார்.

எதிர்பாராததை எழுதுவது பதிவேட்டின் உயிர். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் நிகழ்வைப் பார்க்கப் பல நாட்டினர் காத்திருந்தார்கள். காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பார்த்தார்கள். கோளுக்கு வெளியே நட்சத்திர ஒளி சில நொடிகள் சட்டென்று மங்கி மீண்டது. அவர்கள் அதைக் கருவிக் கோளாறு என்று ஒதுக்கவில்லை. புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று எழுதி வெளியிட்டார்கள். பிற இடங்களின் பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது அது யுரேனஸின் வளையம் என்று தெளிந்தது. விளக்கம் பிறகு மாறலாம். நேரமும் அளவும் எழுதப்பட்டிருந்தால் மாறிய விளக்கத்துக்கும் அந்த வரி பயன்படும். ஆகவே மேகம் கடந்தது, காற்று குலுக்கியது, யாரோ விளக்கைப் போட்டுவிட்டார் என்று எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுங்கள். உங்கள் கையால் நடந்த பிசகையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு படத்தில் விசித்திரமான கோட்டைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் மாணவருக்கு உங்கள் ஒரு வரி பல வாரங்களை மிச்சப்படுத்தும்.

வெளிநாட்டு வாய்ப்புகள் பற்றிச் சுருக்கமாக: ஐரோப்பிய தென்வான் ஆய்வகம் சிலியில் தரும் ஆய்வாளர் நிதியுதவியில் பரனால் மலைப் பணியும் சேர்ந்தே வருகிறது. ஹவாயின் மௌனா கேயில் உச்சி 4,200 மீட்டர், தங்குமிடம் 2,800 மீட்டர். இங்கே சொன்ன ஒழுங்குகள் அங்கேயும் அப்படியே பொருந்தும்.

கொல்கத்தாவில் இருந்துகொண்டே தொடங்க

வீட்டிலிருந்தே வானத்தை அளக்கத் தொடங்குவதற்கு வங்காளத்தில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. ஜெசோர் கருவூலத்தில் வேலை பார்த்த ராதாகோவிந்த சந்திரா, வானியலில் பட்டம் எதுவும் இல்லாதவர், மாறொளி நட்சத்திரங்களைப் பல்லாண்டுகள் அளந்து அமெரிக்க மாறொளி நட்சத்திர அவதானிப்பாளர் சங்கத்துக்கு அனுப்பினார். அந்த அளவீடுகள் பல்லாயிரம். தரத்தைக் கண்ட சங்கம் அவருக்கு ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல் கடந்து அனுப்பியது. பிரிவினைக்குப் பின் கொல்கத்தா அருகே பாராசாத்தில் குடியேறினார். வயதான பிறகு அந்தத் தொலைநோக்கியை வானியலாளர் வைனு பாப்புவிடம் ஒப்படைத்தார், அது காவலூர் வந்து சேர்ந்தது.

அந்தச் சங்கம் இன்றும் யாரிடமிருந்தும் அளவீடுகளை ஏற்கிறது. லேக் மார்க்கெட் பக்கத்து மாடியிலிருந்துகூட ஓரியனின் பீட்டல்ஜூஸ் தெரியும், அதன் ஒளி மாறுவது வெறுங்கண்ணுக்கே புலப்படும். குளிர்காலம் முழுவதும் அதை மதிப்பிட்டு, உலக நேரத்தோடு, வானிலைக் குறிப்போடு எழுதிப் பாருங்கள். நேர்காணலுக்குப் போகும்போது அந்த நோட்டைக் கொண்டு போங்கள். புருலியாவில் நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நல்ல வானம். உங்கள் துறைப் பேராசிரியர் வழியாக எஸ்.என். போஸ் மையத்துக்கு எழுதுவதாக இருந்தால், கடிதம் துர்கா பூஜை விடுமுறைக்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.